விரதம் இருந்த எலிகள்

1

எலிகளுக்கு விரதம் வைப்பது என் தொழில். ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "ஒஸ்லோவுக்குப் போய் எலியே வளர்க்கிறாய்? அதுக்கு இஞ்சையே இருந்திருக்கலாமே" என்று கொக்குவிலில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஓம், எலிதான் வளர்க்கிறேன், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் எனக்கு வேலை. யன்னல் கிடையாது. காலையில் போனதும் போட்டிருக்கிற உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீலச் சட்டை, நீலக் காற்சட்டை, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. அதன் பிறகுதான் உள்கதவு திறக்கும். உள்ளே தட்டுத் தட்டாக எலிக்கூடுகள். கூடு மாற்றுவது, தண்ணீர் வைப்பது, சாப்பாடு போடுவது, நிறுப்பது எல்லாம் நான். இரத்தத்தில் சீனி பார்க்கிற நாட்களில் விடியவே சாப்பாட்டை எடுத்துவிட்டு, கூட்டில் 'பாஸ்த' என்று ஒரு அட்டை தொங்கவிடுவேன். நோர்வேக்காரர் விரதத்துக்கு வைத்திருக்கிற சொல் அது. மத்தியானம் வால் நுனியில் ஊசியால் மெல்லக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தால் இலக்கம் வரும். என் மனுசன் பையில் கொண்டு திரிகிற மீட்டரும் அதே சாதிதான்.

பரிசோதனை முடிந்தால் எலிகளையும் முடித்துவிடுவார்கள். உறுப்புகளை எடுத்துப் பார்க்கவேண்டும். அதுவும் எங்கள் வேலைதான். எனக்கு மழுப்பிக் கதைக்க வராது, முகத்துக்கு நேரே சொல்லிப் பல பேருடைய பகையைத் தேடிக்கொண்டவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை.

போன கிழமை கோயிலில் இருந்து கந்தசஷ்டி அறிவித்தல் வந்தது. இன்றைக்கு அதைத் திரும்பவும் பார்த்ததும் போன வருடத்துச் சஷ்டி ஞாபகம் வந்து, சமைக்கப் போனவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

போன வருடம் எங்கள் தளத்துக்கு ஒரு புது ஆராய்ச்சி வந்தது. சீனாவின் பழைய வைத்தியத்தில் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற ஒரு மூலிகைக் கலவை, எலிகளில் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைச் செய்ய வந்தவர் கார்த்திக், திருநெல்வேலிப் பிள்ளை. மருந்து சீனத்து மருந்து, ஆராய்ச்சியாளர் திருநெல்வேலி, எலியைத் தூக்குகிற மனுசி யாழ்ப்பாணம். எலி மட்டும் எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன் தம்பி, எங்கடை ஆவாரம்பூ, பாவற்காய் ஒண்டும் உங்கடை கண்ணிலை படேல்லையோ?" என்று முதல் நாளே கேட்டேன்.

"காசு குடுக்கிறவங்க சீன மருந்துக்குத்தான் குடுத்தாங்கக்கா. நான் என்ன பண்றது?" என்று சிரித்தார்.

நல்ல பிள்ளை. என் தமிழ் அவருக்குப் பழக கொஞ்ச நாள் எடுத்தது. "எங்கடை மனுசனுக்கும் உந்த வருத்தம்தான்" என்று நான் சொன்னதும் முகம் வாடி, "வீட்ல எதாவது பிரச்சனையாக்கா?" என்று கேட்டார். வருத்தம் என்றால் எங்களுக்கு நோய் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இங்கே கூப்பிடுவதற்கு விசா வேண்டும். விசாவுக்கு வேலை நீடிக்கவேண்டும். வேலை நீடிக்க இந்த ஆராய்ச்சி நல்லபடியாக முடியவேண்டும்.

எலிகளுக்கு முதலில் கொழுப்புச் சாப்பாடு போட்டுப் போட்டு உடம்பு வைக்கச் செய்து, சீனி ஏறச் செய்தோம். பிறகு பாதிக் கூடுகளுக்கு மருந்து கலந்த சாப்பாடு, மீதிக்கு வெறும் சாப்பாடு. மருந்தில் முக்கியமானது ஒரு மஞ்சள் வேர். கைச்சல் என்றால் அப்படி ஒரு கைச்சல். தூளைக் கலக்கும்போது அந்தக் கசப்பு முகமூடிக்குள்ளும் வந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு முழுவதும் தேத்தண்ணீர் ருசிக்காது.

சில கிழமைகளில் மருந்துக் கூடுகளில் சீனி இறங்கத் தொடங்கியது. உடம்பும் இறங்கியது. தராசில் உருண்டையாகக் கிடந்த எலிகள் இப்போது ஓடித் திரிந்தன. கார்த்திக் ஒவ்வொரு இலக்கத்தையும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அக்கா, இறங்குதுக்கா, நல்லா இறங்குது" என்று அவர் சொன்னபோது எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. ஏன் குளிர்ந்தது என்று சொல்ல, என் மனுசனுடைய கதைக்கு வரவேண்டும்.

3

இவர் ஒஸ்லோவில் பஸ் சாரதி. அகதியாக வந்த புதிதில் மீன் வெட்டினார், ஹோட்டலில் கோப்பை கழுவினார், வகுப்புக்குப் போனார், பிறகு பஸ் லைசென்ஸ் எடுத்தார். அந்த லைசென்ஸ் கிடைத்த அன்று ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டில் விருந்து வைத்தோம். மகள் அபி பிறந்ததற்குக்கூட அவ்வளவு பேரைக் கூப்பிடவில்லை. சீருடையைத் தானே இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் போடுவார், என் கையில் தரமாட்டார். வருத்தம் என்று சொல்லி ஒருநாளும் பஸ்ஸை விட்டது கிடையாது.

சீனி வருத்தம் வந்து பல வருடங்கள். குளிசை, மாத்திரை என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் ஆவணியில் வைத்தியர் பழைய இலக்கங்களையும் புதிய இலக்கங்களையும் பார்த்துவிட்டு, மார்கழியில் இன்னொருமுறை மூன்று மாதச் சராசரிச் சீனி பார்ப்போம், குறையாவிட்டால் இன்சுலின்தான் என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்சுலின் தொடங்கினால் பஸ் ஓட்டுவதற்குப் புதிதாக அனுமதி எடுக்கவேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றும் சொன்னார். இந்த நாட்டில் கண்ணுக்கு ஒரு அத்தாட்சி, சீனிக்கு ஒரு அத்தாட்சி, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டு ஒரு பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"ஐம்பத்தாறு வயதிலை என்னை ஆர் வேலைக்கு எடுப்பான்? திருப்பியும் மீன் வெட்டுறதே?" என்று கேட்டார்.

"இன்னும் பாக்கவே இல்லை, அதுக்குள்ளை ஏன் அந்தரப்படுறீங்கள்?" என்றேன். ஆனால் எனக்கும் அந்தரம்தான். வீட்டுக்கடன், அபியின் படிப்பு எல்லாவற்றையும்விட, பஸ் இல்லாமல் இவர் என்ன மனுசனாக வீட்டில் இருப்பார் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்களின் வட்சப்பில் ஒரு செய்தி சுற்றியது. எங்கள் கூடத்தின் இணையப் பக்கத்தில் யாரோ இரண்டு வரி போட்டிருந்தார்கள், சீன மூலிகையை எலிகளில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறோம் என்று. அது தமிழுக்கு வந்து சேரும்போது, சீனி வருத்தத்துக்கு நோர்வேயில் மருந்து கண்டுபிடித்தாயிற்று, வைத்தியர்கள் மறைக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. ஸ்ட்ரோம்மனில் இருக்கிற என் சிநேகிதி மாலா அழைத்தாள். "அக்கா, நீங்கள் அங்கைதானே வேலை? ஒரு சின்னப் போத்தலிலை எடுத்துக்கொண்டு வரேலாதோ?" எலிச் சாப்பாட்டை வாங்கித் தின்னப்போறியோ என்று கேட்டு வைத்தேன்.

நான் மாலாவை ஏசிக்கொண்டிருக்க, இவர் கூட வேலை செய்கிற ஒரு வியட்நாம்காரர் மூலம் அதே மஞ்சள் வேர்த் தூளை ஒரு கடையில் வாங்கி வந்துவிட்டார். மேசையில் வைத்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"உங்கடை எலி தின்னுறது இதுதானே?"

மணம் அதேதான்.

"இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை. எலிக்குக் குடுக்கிறதை மனுசர் குடிக்கேலாது" என்றேன்.

"எலிக்குக் குறையுதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லும்."

எனக்குப் பொய் வராது. "குறையுது" என்றேன். "ஆனால் குளிசையை விடக்கூடாது. அதையும் இதையும் கலக்கலாமோ எண்டு வைத்தியரைக் கேளுங்கோ."

"ஓம் ஓம்" என்றார். அந்த இரண்டு ஓமையும் நான் நம்பினேன்.

4

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. இவர் கடுமையாகப் பிடிக்கிறவர். ஆறு நாளும் பின்னேரம் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும். ஒவ்வொரு வருடமும் சஷ்டிக்கென்று லீவு எடுப்பார், அதனால் அந்த நாட்களில் பஸ் இல்லை. குளிசையை வெறும் வயிற்றில் போட்டால் சீனி விழுந்து மயக்கம் வரும் என்று அந்த நாட்களில் நிறுத்தி வைப்பதும் வழக்கம்தான். ஆனால் தூளை நிறுத்தவில்லை. காலையில் சுடுதண்ணீரில் கலக்கி மடக்கு மடக்கென்று குடித்தார்.

"விரதத்திலை இது என்ன?" என்று கேட்டேன்.

"இது மூலிகை. விரதத்துக்கு ஆகும். குளிசைதான் ஆகாது."

எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய நியாயம் இது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மூன்றாம் நாள் காலை குளியலறையில் இருந்து சத்தமாகக் கூப்பிட்டார். மீட்டரில் ஆறு. ஊர்க் கணக்கில் நூற்றுப்பத்துக்குக் கிட்ட. பல வருடங்களாக இவர் ஆறைக் கண்டதில்லை. அடுத்த நாளும் ஆறு. கண் கலங்கிப் போனார். "பாத்தீரோ? உம்மடை எலியும் நானும் ஒண்டுதான்" என்று சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. சாமித்தட்டில் கற்பூரம் கொளுத்தினேன், புகை எச்சரிக்கை அடிக்கும் என்று முன்கூட்டியே சமையலறை யன்னலைத் திறந்து வைத்துவிட்டு.

சூரன்போர் அன்று கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பனிமழை தூறியது. வேட்டிக்குள் நீளக் காற்சட்டையும் மேலே குளிர்ச் சட்டையுமாக இவர் சூரனைத் தோளில் தூக்கினார். கண்டவர்கள் எல்லாரும், "நல்லா மெலிஞ்சு வடிவாயிட்டியள், என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்கள். இவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அடுத்த நாள் விரதம் முடிக்கிற பாறணைக்கு மூன்று கறியும் பாயசமும் வைத்தேன்.

அதற்குப் பிறகும் மெலிந்துகொண்டே போனார். இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட்டார். தண்ணீர்ப் போத்தல் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு போனார். துரொண்ட்ஹெய்மில் படிக்கிற அபி வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா ஏன் இப்பிடி ஸ்லீத்தன் மாதிரி இருக்கிறார்? பாஸ்ட்லேகயிட்டை போனவரோ?" என்று கேட்டாள். களைத்துப் போனவர் மாதிரி என்கிறாள். குடும்ப வைத்தியரிடம் போனாரா என்று கேட்கிறாள். மார்கழியில்தான் போகவேண்டும் என்றேன். அவரை வற்புறுத்தும்படி அவளிடமே சொன்னேன். "அம்மா, அவர் வளர்ந்த ஆள். நான் மாஸ பண்ணேலாது" என்றாள். மாஸ என்றால் நச்சரிப்பது. பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் முதலில் படிப்பிக்கிற பாடம், அவரவர் விஷயம் அவரவருக்கு என்பது. அவளைக் குறை சொல்லி என்ன? நானே அந்த மெலிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

5

என் அப்பாவுக்கும் சீனி வருத்தம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மருந்து வராது. இன்சுலின் வந்தாலும் வைக்கக் குளிர்ப்பெட்டி ஓடாது, மின்சாரம் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய் வெறும் கையோடு திரும்பி வருவேன். அம்மா பாவற்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தா, ஆவாரம்பூ அவித்துக் கொடுத்தா. அப்பா முகத்தைச் சுழிக்காமல் குடித்தார். அதில் நம்பிக்கை வைத்துக் குடித்தார் என்று இங்கே வந்த பிறகு பலர் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. வேறு ஒன்றும் இல்லாதபடியால் குடித்தார். ஒரு கால் போனது, அடுத்த வருடம் ஆளும் போய்விட்டார். அவர் கேட்டது ஒரு குப்பி மருந்து. இங்கே அது பத்து நிமிட நடையில், ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குள் விற்கிற சாமான்.

அதனால்தான் இன்றைக்கும் யாராவது இயற்கை வைத்தியம் என்று பெருமையாகத் தொடங்கினால் எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான்தான் அந்த ஆறைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்தினேன்.

6

கார்த்திக்குக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. மருந்துக் கூடுகளில் சாப்பாடு மிஞ்சுகிறது என்பதை நிறுவைகளில் இருந்து அவர் கண்டுபிடித்திருந்தார். அதனால் சூரன்போருக்கு முன்பே மூன்றாவது கூட்டம் ஒன்றைச் சேர்த்தார். இவற்றுக்கு மருந்து இல்லை. மருந்து எலிகள் எவ்வளவு சாப்பிட்டனவோ அதே அளவு வெறும் சாப்பாட்டை நிறுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். நான்தான் நிறுத்துப் போட்டேன். அந்தக் கூட்டம் கூட்டின் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பாவமாக இருக்கும். ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சியில் ஆயிரம் கூட்டம் சேர்ப்பார்கள்.

மார்கழி தொடங்கி, ஒரு மத்தியானம் மூன்று கூட்டத்துக்கும் சீனி பார்த்து முடித்தோம். கார்த்திக் கணினியில் இலக்கங்களைப் போட்டு, திரும்பவும் ஒருமுறை சரிபார்த்தார். பிறகு கை உறையைக் கழற்றினார்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"என்ன தம்பி?"

"பட்டினி போட்ட எலிக்கும் மருந்து தின்ன எலிக்கும் சுகர் ஒரே அளவுதான் குறைஞ்சிருக்கு. எடையும் அப்படியே. கசப்புனால அதுங்க சாப்பிடவே இல்ல. இது மருந்தோட வேலை இல்லக்கா, பசியோட வேலை."

"அப்ப அந்த மருந்து..."

"இந்தக் கலவை, இந்த எலியில, ஒண்ணும் பண்ணல. வேற மாதிரி குடுத்தா என்னவோ, தெரியாது. நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியும். மனைவி, குழந்தை, விசா எல்லாம் அதற்குள் இருந்தன. மூன்றாவது கூட்டத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து ஒரு ஆறுதல் சொல்லவேண்டும். ஆனால் என் கண்ணுக்குள் வந்து நின்றது ஒரு இடுப்புப் பட்டி, புது ஓட்டையோடு.

சஷ்டியில் வந்த ஆறு. பால், பழம், ஒரு நேரம். அது எந்தத் தூளின் வேலை? பாறணைக்குப் பிறகு இவர் மீட்டரைத் தொட்டதை நான் கண்டேனா? சாப்பிடுகிற மனிதன் ஏன் மெலிகிறான்? அவ்வளவு தண்ணீர் ஏன்?

"தம்பி, எங்கடை மனுசன்..." என்று தொடங்கி, முடிக்காமலே உடுப்பு மாற்ற ஓடினேன்.

7

தொலைபேசி எடுக்கவில்லை. பஸ் ஓட்டும்போது எடுக்கமாட்டார். அன்று அவர் ஓடுகிற வழி எனக்குத் தெரியும். பின்னேரம் நாலு மணி, வெளியே நல்ல இருட்டு, தெருவெல்லாம் பனிக்கட்டி. தரிப்பிடத்தில் நின்று ஒரு பஸ்ஸை விட்டேன், இரண்டை விட்டேன். மூன்றாவது அவருடையது.

ஏறியபோது சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சாரதியோடு கதைக்கக்கூடாது, அது எனக்கும் தெரியும். முன் இருக்கையில் இருந்தேன். வேலை முடிந்து போகிற நேரம், பஸ் நிறைய சனம். நிற்கவும் இடம் இல்லை.

பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். எதிரே வாகன வெளிச்சம் வரும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினார். சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில் தண்ணீர் குடித்தார். அடுத்த சிவப்பிலும் குடித்தார். ஒரு தரிப்பிடத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய் நிறுத்தினார். தள்ளுவண்டியோடு இறங்கிய ஒரு கிழவி முணுமுணுத்தாள். ஒருநாளும் இப்படிச் செய்யாதவர் இவர். கோடு போட்டாற்போல் நிறுத்துவார்.

அடுத்த வளைவில் பாதசாரிக் கடவை. ஒரு தாய் பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்குத் தெரிகிறது. இவருக்குத் தெரியவில்லை. பஸ் வேகம் குறையவில்லை.

"பிள்ளை!" என்று கத்தினேன்.

பிரேக் இழுத்தது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பஸ் பனிக்கட்டியில் கொஞ்சத் தூரம் தானாகச் சறுக்கி, கடவைக்குச் சற்று முன்னால் நின்றது. அந்தத் தாய் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போனாள்.

நான் எழும்பி அவருடைய கதவோரம் போனேன்.

"இஞ்சேருங்கோ, அடுத்த தரிப்பிலை நிப்பாட்டுங்கோ. இனி ஓட்டாதேங்கோ."

"சனம் இருக்குது, ரஞ்சி."

"சனம் இருக்கிறபடியால்தான் சொல்லுறன்." கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த மருந்து ஒண்டும் செய்யேல்லை. எலி பசியிலை கிடந்ததாலைதான் சீனி குறைஞ்சது. உங்களுக்கும் விரதத்தாலைதான். குளிசை போடுறீங்களோ?"

கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார்.

"போடுறீங்களோ?"

"சஷ்டிக்குப் பிறகு போடேல்லை" என்றார் வீதியைப் பார்த்தபடி. "அதுதான் ஆறு வந்திட்டுதே."

ஏசவேண்டும் என்று வாய் வரை வந்தது. அவர் சீருடைக் கொலரை இழுத்துச் சரிசெய்தார். ஏசவில்லை.

மெதுவாக, மிக மெதுவாக அடுத்த தரிப்பிடத்துக்குக் கொண்டு வந்தார். கோட்டில் சரியாக நிறுத்தினார். எல்லாக் கதவுகளையும் திறந்தார். ஒலிவாங்கியை எடுத்து, தொண்டையைச் செருமி, நோர்வே மொழியில் சொன்னார்: "இந்த பஸ் இதற்கு மேல் போகாது. எனக்குச் சுகமில்லை. மன்னிக்கவும்." சிலர் முறைத்தார்கள், ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், எல்லாரும் இறங்கிப் பனிக்குள் நின்றார்கள். இவர் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அழைத்து அதையே சொன்னார். பிறகு விசையை அழுத்தினார். முன் பலகையில் ஊரின் பெயர் அழிந்து, சேவையில் இல்லை என்ற எழுத்து வந்தது.

அவருடைய பையில் இருந்து மீட்டரை எடுத்தேன். விரலைப் பிடித்துக் குத்தினேன். நாள் முழுக்க வால் நுனியில் குத்துகிற கை, அன்றைக்கு ஒரு விரலில் குத்தச் சிரமப்பட்டது. இருபத்தொன்பது என்று வந்தது. ஊர்க் கணக்கில் ஐந்நூறுக்கும் மேல்.

"இதோடை பஸ் முடிஞ்சுது, என்ன?" என்றார்.

"தெரியாது" என்றேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வரும்.

8

ஆஸ்பத்திரியில் இன்சுலின் தொடங்கினார்கள். அடுத்த நாள் அபி முதல் ரயிலில் வந்தாள். வைத்தியரோடு அவள் வேகமாகக் கதைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் நோர்வே மொழி தெரியாதவர்கள் போல் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்தியர் போனதும் அப்பாவின் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் மாஸ பண்ணியிருக்கோணும்" என்று அழுதாள். சின்ன வயதில் அழுத அதே சத்தம். இவர் ஊசி குத்தியிருந்த கையால் அவள் தலையைத் தடவினார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அழைத்து, என்ன இலக்கம் என்று கேட்கிறாள். நச்சரிக்கிறாள் என்று இவர் முறைப்பாடு சொல்கிறார், அழைப்பு பிந்தினால் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

கார்த்திக் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். வேலை நீடிக்கவில்லை. வசந்தத்தில் திருநெல்வேலிக்குப் போனார். போகிற அன்று மத்தியானம் கீழே வந்து, "அக்கா, குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டா" என்று படம் காட்டினார். அவருக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்ல முயன்றேன். இவர் இப்போது எப்படி என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

இவருக்குப் பஸ் அனுமதிக்கான பதில் இன்னும் வரவில்லை. நிறுவனம் நல்ல மாதிரி, அதுவரை டிப்போவில் பஸ்களைக் கழுவி ஒழுங்குபடுத்துகிற வேலை கொடுத்திருக்கிறது. காலையில் அதே சீருடையை அழுத்திப் போட்டுக்கொண்டு போகிறார். முதல் நாள் அதைக் கண்டபோது நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நேற்றுக் கோயில் அறிவித்தலைக் காட்டி, இந்த முறை விரதம் எப்படி என்று கேட்டேன்.

"வைத்தியரைக் கேட்டனான். வேண்டாம் எண்டவர். நான் சும்மா போய்க் கும்பிட்டிட்டு வாறன்" என்றார்.

இடியப்பமும் சொதியும் வைத்தேன். முன்பு பத்துப் பன்னிரண்டு போட்டுக்கொள்கிறவர் இப்போது மூன்றோடு எழும்புகிறார். சீனி ஏறிவிடும் என்ற பயம் சாப்பாட்டின் மேலேயே வந்துவிட்டது. இதுதான் இப்போது என்னுடைய பெரிய கவலை. இன்னும் சாப்பிடலாம், அதற்குத்தான் ஊசி இருக்கிறது என்று தாதி சொல்லியும் கேட்கிறார் இல்லை. இரண்டாவது இடியப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரஞ்சி, அந்த எலிகள், மருந்தில்லாமல் சும்மா பசியிலை வைச்சியளே, அதுகள் என்னவாச்சு?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். சொதிச் சட்டியின் மூடி என் கையில் இருந்தது. கார்த்திக் இலக்கங்களை அனுப்பிய கிழமையே, கம்பியைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டை நான்தான் எடுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனேன்.

"அதுகளுக்கு இப்ப வயிறு நிறையச் சாப்பாடு" என்றேன்.

"மெய்யே?"

"மெய்தான். கண்டபடி தின்னுதுகள்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். உம்முடைய வாயில் பொய் தங்காது என்று எத்தனையோ தடவை சொன்ன மனிதர். பிறகு வைத்திருந்த பாதி இடியப்பத்தை எடுத்துச் சாப்பிட்டார், இன்னும் ஒன்றுக்குத் தட்டை நீட்டினார்.